மூன்று மொழி தெரிந்த மக்கு

மூன்று மாநில எல்லையோரத்தில், பேரிகை என்ற ஊருக்குப் பக்கத்தில் தக்காளி போடும் வெங்கடப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நாகவேணி, இளையவன் ஹரீஷ்குமார். "இவனுக்குத் தலை ஓடும், அவளுக்குக் கை ஓடும்" என்று அவர்களுடைய அம்மா சரோஜம்மாள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். குறையாக நினைத்துச் சொன்னதில்லை. ஒருத்தன் நெட்டை, ஒருத்தி குட்டை என்பதுபோல அவளுக்கு அது ஒரு தகவல். நாகவேணியும் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வளர்ந்தாள்.

வீட்டில் தெலுங்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எல்லையோரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுதான் நிலைமை. யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாகவேணிக்கு அது வினையாக வந்து சேர்ந்தது கிருஷ்ணகிரியில், கல்லூரியில். அவளுக்குக் கிடைத்த இடம் பி.ஏ. ஆங்கிலம். முதல் வருஷத்தில் ஒருநாள் ஆசிரியை அவளை எழுப்பி, முந்தின நாள் நடத்திய கதையைச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் தொடங்கினாள், வார்த்தை வரவில்லை. தமிழுக்குத் தாவினாள். பதற்றத்தில் நடுவே தெலுங்கு புகுந்தது, அதைத் திருத்தப் போய்க் கன்னடம் வந்து விழுந்தது.

"நீ பேசறது எந்த பாஷைம்மா?" என்றார் ஆசிரியை. "உனக்கு ஒரு மொழியாவது ஒழுங்கா வருமா?"

வகுப்பு சிரித்தது. நாகவேணியும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரியில் அவள் வாய் திறக்கவே இல்லை. ஒரு தாளில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறினாள். 2003இல் பட்டம் கைக்கு வந்தபோது சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்ட நிம்மதிதான் இருந்தது. இனிமேல் படிக்க வேண்டியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நீளமான பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அவற்றின் ஊடாக நிறம் நிறமான ஒயர்களை ஓடவிட்டு, முடிச்சிட்டு, டேப் சுற்ற வேண்டும். கை ஓடுகிறவளுக்கு ஏற்ற வேலை. ஒரே வருஷத்தில் லைன் லீடர் ஆனாள். அவளுடைய லைனில் திருமங்கலத்துப் பெண்கள் இருந்தார்கள், ஊத்தங்கரைப் பெண்கள் இருந்தார்கள், ஆந்திராப் பக்கம் குப்பத்திலிருந்தும் கன்னடப் பக்கம் ஆனேக்கல்லிலிருந்தும் தினம் வந்து போகிறவர்களும் இருந்தார்கள். யாருக்கு எந்த மொழியில் சொன்னால் புரியுமோ அந்த மொழியில் அவள் சொல்லிக் கொடுத்தாள். அதை ஒரு திறமை என்று அவளும் நினைக்கவில்லை, கம்பெனியும் நினைக்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. சூப்பர்வைசர் கங்கப்பன் ஆனேக்கல்காரர், தாய்மொழி கன்னடம், தமிழ் தாராளமாகப் பேசுவார். ஒருநாள் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "நாங்க வர்ற ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் போறோம். காலையில கம்பெனி கேட்டுக்கு பஸ் வரும்."

ஞாயிற்றுக்கிழமை நாகவேணி புதுச் சேலை கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனால், பஸ் கிட்டத்தட்டக் காலியாக நிற்கிறது. ஆபீஸ் ஆட்கள் சிலர், ஆனேக்கல் பெண்கள் சிலர், அவ்வளவுதான். கங்கப்பனுக்கு முகம் சிவந்திருந்தது. "கம்பெனி செலவுல கூட்டிட்டுப் போறோம், ஒருத்தருக்கும் மதிப்பில்ல பாரு" என்றார்.

நாகவேணி பக்கத்துத் தெருவில் திருமங்கலத்துப் பெண்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஓடினாள். அவளோடு மிகவும் ஒட்டுதலாக இருக்கும் பூங்கொடி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏன் யாருமே வரல?"

"எங்கிட்டு வர?" என்றாள் பூங்கொடி, நிமிராமலே. "அவுக போறாகன்னுதான சொன்னாரு. நம்மளக் கூப்பிட்டாரா? அவுக போறதை நமக்கு எதுக்குச் சொல்லணும், வயித்தெரிச்சலுக்கா?"

நாகவேணி அங்கேயே நின்றுவிட்டாள். கங்கப்பன் சொன்னதை அவள் கேட்டபோது எல்லோரும் போகிறோம் என்றுதான் கேட்டிருந்தது. அதே வார்த்தை பூங்கொடிக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது. எப்படி? அவள் திரும்ப கேட்டுக்கு நடந்தாள். நடக்க நடக்க மனசுக்குள் மூன்று மொழியிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். நீங்களும் நானும் சேர்ந்து போறோம்னா கன்னடத்துல என்ன சொல்வீங்க?"

"நாவு ஹோக்தீவி."

"நீங்களும் உங்க வீட்டம்மாவும் போறீங்க, நான் வரல. அதை எங்கிட்ட எப்பிடிச் சொல்வீங்க?"

"அதுவும் நாவுதான்."

"தமிழ்ல அதுக்கு ரெண்டு வார்த்தைங்க சார். கேக்கறவங்களையும் சேர்த்துக்கிட்டா 'நாம'. அவங்களை விட்டுட்டா 'நாங்க'. நீங்க 'நாங்க போறோம்'னு சொன்னீங்க. அவங்க தங்களை விட்டுட்டதா நினைச்சுட்டாங்க."

கங்கப்பன் பஸ்ஸைக் காத்திருக்கச் சொன்னார். பிறகு தானே அந்தத் தெருவுக்குப் போய், வாசல் வாசலாக நின்று, "நாம போறோம், நாம போறோம்" என்று சொல்லிக் கூட்டி வந்தார். பஸ் தாமதமாகக் கிளம்பினாலும் நிறைந்து கிளம்பியது. ஒகேனக்கல்லில் எல்லோரும் அருவியில் நின்றார்கள். நாகவேணி பாறையில் உட்கார்ந்து பொரித்த மீனைத் தின்றபடி, வீட்டுத் தெலுங்கில் 'மனமு' ஒன்று, 'மேமு' ஒன்று, அதிலும் இரண்டு இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஏன் கன்னடத்தில் மட்டும் ஒன்று? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து பூங்கொடி இருந்த தெருவுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் காளியம்மாள், சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். சென்னையில் மொழியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வெவ்வேறு ஊர்க்காரர்கள் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது பேச்சு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்ய வந்திருந்தாள். நாகவேணியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பூங்கொடி அவளிடம் ஒகேனக்கல் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, காளியம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நாகவேணி பக்கம் திரும்பினாள்.

"நீங்க மொழியியல் படிச்சிருக்கீங்களா?"

"அப்படீன்னா?"

"நீங்க அன்னிக்குப் பண்ணினதுதான். எம்.ஏ. இருக்கு. எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் சேரலாம். ஒரு நுழைவுத் தேர்வு வைப்பாங்க."

"பேசறதைப் படிக்கறதுக்கு ஒரு படிப்பாங்க?" என்று கேட்டாள் நாகவேணி. கேட்டுவிட்டு உடனே சொன்னாள்: "எனக்கு அவ்ளோ மூளை கெடையாதுங்க. பி.ஏ.வே தடுமாறித்தான் முடிச்சேன்."

காளியம்மாள் வற்புறுத்தவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது தன்னிடம் இருந்த ஓர் அறிமுகப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். முழுவதும் ஆங்கிலம். நாகவேணி அதைத் திறந்து பார்க்காமல் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

வைத்தாளே தவிர, நினைப்பு அடங்கவில்லை. லைனில் கை ஓடிக்கொண்டிருக்கும், மனசு ஓரமாக உட்கார்ந்து வழக்காடும். போய்ப் பார்த்தால் என்ன? போய் என்ன செய்வாய், அங்கே இருப்பவர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவார்கள். இங்கே நீ லைன் லீடர், அங்கே நீ பழையபடி எழுந்து நின்று சிரிப்பு வாங்குவாய். ஏதோ ஒரு வார்த்தை விஷயத்தைக் கண்டுபிடித்ததால் புத்திசாலி ஆகிவிட முடியுமா?

ஒரு வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். ஹரீஷ்குமார் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். அக்கா மேல் உயிராக இருப்பவன். யோசித்துவிட்டு அன்பாகவே சொன்னான்: "அக்கா, எம்.ஏ.ன்னா புரிஞ்சு படிக்கணும். பி.ஏ.க்கே நீ எவ்ளோ அழுத, நான்தானே பார்த்தேன். எதுக்கு அந்தக் கஷ்டம் உனக்கு?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பாள். பரிதாபத்தில் சொன்னதால் 'சரி' என்றுவிட்டாள். அந்த வருஷம் விண்ணப்பிக்கும் கெடு வந்தது, போனது. கெடு முடிந்த அன்று அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறு வருஷம் சித்திரையில் பெங்களூரில் திடீரென்று கடையடைப்பு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து லாரி வரவில்லை, பாகங்கள் தீர்ந்து லைன் நின்றுபோனது. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த மத்தியானத்தில்தான் நாகவேணி புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்துக்கே அகராதியை எத்தனையோ முறை புரட்ட வேண்டியிருந்தது. மூடி வைக்க நினைத்துக்கொண்டே நடுவில் எங்கோ திறந்தாள். அங்கே இருந்தது: சில மொழிகளில் 'கேட்பவரைச் சேர்த்த நாம்', 'கேட்பவரைச் சேர்க்காத நாங்கள்' என்று இரண்டு உண்டு, சில மொழிகளில் இல்லை. எங்கெங்கோ தீவுகளின் மொழிகளிலிருந்து உதாரணம் கொடுத்திருந்தார்கள்.

முதலில் மனசு சப்பென்று ஆகிவிட்டது. ஊர் உலகத்துக்கே தெரிந்த சங்கதி, நாம் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருக்கிறோம். அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தாள். அதில் ஒரு வார்த்தைக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விஷயம் தெரிந்திருந்ததால் ஆங்கிலம் வழிவிட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் தெரிந்துகொண்ட இடத்துக்கு, அவரைத் தெரியாமலே, அந்த விஷயத்தின் பேர் தெரியாமலே, கம்பெனி கேட்டிலிருந்து நடந்து அவளும் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

எழுந்து பூங்கொடி வீட்டுக்குப் போனாள். "அப்ளிகேசன் போடப்போறேன். தோத்துடுவேன்னுதான் நினைக்கறேன்."

"தோத்தா திரும்பி வா. ஒயரு எங்கிட்டும் ஓடிப் போயிராது" என்றாள் பூங்கொடி.

அவள் விண்ணப்பித்த பல்கலைக்கழகம் தெற்கே, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்தது. தேர்வு அறையில் பக்கத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டதும் அவளுக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. வினாத்தாளின் முதல் பகுதி பொது ஆங்கிலம். பாதிதான் எழுத முடிந்தது. இரண்டாம் பகுதியைத் திருப்பினாள். யாரும் கேள்விப்பட்டிராத ஒரு மொழியிலிருந்து வார்த்தைகளும் அவற்றின் பொருளும் கொடுத்து, அந்த மொழியின் விதிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இங்கே ஒருவருக்கும் இந்த மொழி தெரியாது. நுனிநாக்கு ஆங்கிலம் பேசியவர்களுக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வகுப்பறையில் எல்லோரும் அவளைப் போல இருந்தார்கள். வினாத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தலு என்றால் மரம், ததலு என்றால் மரங்கள். சோனி என்றால் மீன், சோசோனி என்றால் மீன்கள். முதல் எழுத்தை இரட்டித்தால் பன்மை. சுலபம். ஆனால் எமி என்றால் நாய், நாய்களுக்கு எஎமி என்று வரவில்லை, எமெமி என்று வந்தது. அங்கே சிக்கிக்கொண்டாள். பேனாவை வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உயிரெழுத்தில் தொடங்கும் வார்த்தைக்கு அந்த மொழி அடுத்த மெய்யையும் சேர்த்து இரட்டிக்கிறது: எம், எமி. கீழே ஊகா என்றால் படகு என்று இருந்தது. அப்படியானால் படகுகளுக்கு ஊகூகா என்று வரவேண்டும். பக்கத்தைத் திருப்பினாள். ஊகூகா என்றே இருந்தது. அந்த மகிழ்ச்சியை அவள் அதற்கு முன் எந்தத் தேர்விலும் அனுபவித்ததில்லை. அடுத்த கேள்வியைத் தின்பண்டத்தை எடுப்பதுபோல எடுத்தாள்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கேட்ட முதல் கேள்வி: "உங்க தாய்மொழி என்ன?"

நாகவேணி பயந்த கேள்வி அது. ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்தினாள். "தமிழ்ல சொல்லலாங்களா?"

"சொல்லுங்க."

"வீட்டுல தெலுங்குங்க. ஆனா எங்க தெலுங்கைக் கேட்டா ஆந்திராக்காரங்க சிரிப்பாங்க. கணக்குப் போட்டா தமிழ்லதான் வரும். கோவம் வந்தா தெலுங்கு. மிசின் நின்னுட்டா கன்னடம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு முகம் சுருங்கவில்லை. சிரித்த வேகத்திலேயே அம்மையார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மிசினுக்கு ஏன் கன்னடம்?" என்று கேட்டார். "சொல்லிக் கொடுத்தவர் கன்னடக்காரருங்க" என்றாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்து வெகுநேரம் போனது. ஒரு கேள்விக்கு, "தெரியலைங்க, யோசிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றாள். யோசிக்க விட்டார்கள். யோசித்துச் சொன்னாள்.

சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. சரோஜம்மாள், "கல்யாணத்தைப் பண்ணிட்டுப் போய்ப் படிக்கட்டும்" என்றாள். வெங்கடப்பன், "எடம் குடுத்தது அவளுக்கு, மாப்பிள்ளைக்கு இல்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. 2006 ஆடியில் நாகவேணி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சேர்ந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தாள். போகவில்லை. ஒலியியலில் நடந்த முதல் தேர்வில் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுடையது. கேட்ட ஒலிகளைத் தனிக் குறியீடுகளில் எழுத வேண்டும். காது பிடித்ததைக் கை எழுதவில்லை. அன்று சாயங்காலம் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து பூங்கொடிக்கு போன் போட்டாள்.

"வந்துடறேன். தப்பித் தவறி எடுத்துட்டாங்க என்னை. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

பூங்கொடி ஷிப்டில் இருந்தாள். பின்னால் லைன் ஓடும் சத்தம் கேட்டது. "லைனுக்குப் புதுசா வர்றவ, மொத வாரத்துல ஒயரு மாத்திப் போட்டா நீ என்ன செய்வ?"

"திரும்பச் சொல்லிக் குடுப்பேன்."

"அவள மக்குன்னு வீட்டுக்கு அனுப்புவியா?"

"மாட்டேன். கை பழகறதுக்கு நாளாகும்."

"பெறகு ஒனக்கு மட்டும் என்னடி தனிச் சட்டம்?"

 மறுநாள் காலை நாகவேணி ஒலியியல் ஆசிரியரிடம் போய், புரியாத குறியீடுகளைத் திரும்பச் சொல்லித்தரக் கேட்டாள். கேட்கும்போது பின்னால் ஆள் நிற்பது தெரிந்து திரும்பினாள். வகுப்பில் நன்றாக ஆங்கிலம் பேசும் இரண்டு பெண்களும் ஒரு பையனும் அதே சந்தேகத்தோடு நின்றிருந்தார்கள். "நீ கேட்டதும்தான் தைரியம் வந்தது" என்றாள் அவர்களில் ஒருத்தி. அதற்குப் பிறகு அவர்கள் நாலு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதிப் பழகினார்கள். லைனில் ஆள் பழக்குவதுபோலத்தான், மெதுவாகச் செய்து, சரியானபின் வேகம் கூட்டினார்கள். பருவத் தேர்வில் நாகவேணி நடுவில் வந்தாள். அடுத்த வருஷம் மேலே வந்தாள். அழுகை வந்த நாட்களும் இடையில் இருந்தன. ஆனால் புரியவில்லை என்பதை வைத்து மூட்டை கட்டும் வழக்கம் போய்விட்டது.

கடைசிப் பருவத்து ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஓசூர்த் தொழிற்சாலைகளின் கலப்புப் பேச்சு. கேன்டீனிலும் கம்பெனி பஸ்ஸிலும் கேட்டுப் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்து வைத்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் அரைகுறைப் பேச்சு அம்மா. பிழைகளைத் தொகுத்திருக்கிறீர்கள். இதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?" என்றார்.

அறையில் மாணவர்களும் ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நாகவேணி கரும்பலகைக்குப் போனாள்.

"இல்லைங்க சார்" என்றாள். "பெயர்ச்சொல் எந்த மொழியிலிருந்து வேணா வருது. ஆனா வாக்கியம் முடியற வினை, யார்கிட்ட பேசறாங்களோ அவங்க மொழியிலதான் முடியுது. குப்பத்துப் பொண்ணு ஆனேக்கல் பொண்ணுகிட்ட பேசினாலும் அப்பிடித்தான், திருமங்கலத்துப் பொண்ணு பேசினாலும் அப்பிடித்தான். பிழையா இருந்தா ஆளுக்கு ஒரு விதமா இருக்கணுங்க. இத்தனை பேரும் ஒரே மாதிரி பண்றாங்க. அதனால இது விதி."

வாக்கியங்களை எழுதிக் காட்டினாள். பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். விதிக்கு அடங்காத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அதற்கும் அவளிடம் விளக்கம் இருந்தது. இன்னொன்று கேட்டார். "அதுக்கு எனக்கு இன்னும் விடை தெரியலைங்க. அதைத்தான் அடுத்து பார்க்கணும்" என்றாள். 

"அடுத்து என்றால், பிஎச்.டி.யிலா?" என்றார் அவர்.

"ஆமாங்க சார்" என்றாள். சொன்ன பிறகுதான் அப்படி ஒரு முடிவு தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரிந்தது.

2008இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினாள். அதே துறையில் ஆராய்ச்சிக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. செய்தியோடு ஊருக்குப் போன அன்று தோட்டத்தில் தக்காளி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஹரீஷ்குமார் பெங்களூர் வேலையிலிருந்து லீவில் வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, உன்னோட ஆய்வைக் குடு, படிக்கறேன்" என்றான். படித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டான். அவள் சொல்லிக் கொடுத்தாள்.

வெங்கடப்பன் லாரிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டே தெலுங்கில் கேட்டார்: "இன்னும் படிக்கணுமாம்மா?"

"ஆமா நாய்னா."

"எத்தனை வருசம்?"

"சொல்ல முடியாது. நாலு ஆகலாம், அஞ்சும் ஆகலாம்."

அவர் தலையாட்டினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு அப்பாலிருந்து என்ன விசேஷம் என்று கன்னடத்தில் கேட்க, வெங்கடப்பன் கன்னடத்தில் பதில் சொன்னார். குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. ரோட்டில் நின்ற லாரி டிரைவர் வரைக்கும் அது கேட்டது. நாகவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலிப் பெட்டி ஒன்றை எடுத்து அடுத்த வரிசைக்குப் போனாள்.